கேட்கக் கூடாத உறை

சம்பளம் விழுந்தால்
எங்கள் இரண்டு போனும் ஒரே நேரத்தில் கூவும்.
செக்காலையில் மாடி வீடு, சின்னது,
எந்த அறையில் இருந்தாலும் கேட்கும்.
இந்த மாதமும் கூவின.
விழுந்தது ஒரு சம்பளம்தான்.

செயலிக்குள் பதினான்கு உறைகள்.
வாடகை, பால், அரிசி, காஸ், கரன்ட்,
உமையாளின் பள்ளி வேன்,
திங்கட்கிழமைச் சந்தை,
கோயிலுக்குப் புள்ளி வரி
(வருடத்துக்கு ஒரு தடவைதான்,
ஆனாலும் மாதம் எண்பது ரூபாய்
அதற்குள் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடும்),
மொய்.
ஆவணி பிறந்தால்
மொய் உறைக்கு வயிற்றுப்போக்கு.

எங்களை வேறு வைத்தபோது
ஒரு அடுப்பு, ஒரு வருடத்துக்கு அரிசி,
ஒரு வருடத்துக்குப் பணம் கொடுத்தார்கள்.
பணம் எட்டாவது மாதமே தீர்ந்தது.
எப்படி என்று இன்றுவரை
இரண்டு பேருக்கும் தெரியாது.
இந்தச் செயலி அதற்குப் பிறகு வந்தது.

ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு வேலை கொடுங்கள்
என்று முதல் நாளே சொன்னது.
கொடுத்தோம்.
எங்கள் வீட்டில் எந்த ரூபாயும் சும்மா இல்லை.
பள்ளிக்கூட அலுவலகத்தில்
பன்னிரண்டு வருடம் ரசீது கிழித்த என்னைத்தான்
இனி கட்டணமெல்லாம் ஆன்லைனில் தேனம்மை,
வரவேண்டாம் என்றார்கள்,
ஜூன் மாதம்.

பதிமூன்றும் பதினாலும் கேட்கக் கூடாத உறைகள்.
அவருக்கு ஐந்நூறு, எனக்கு ஐந்நூறு.
எதற்கு, எங்கே, யாருக்கு
என்று வாயைத் திறந்தால்
திறந்தவருக்கு நூறு ரூபாய் அபராதம்.
சட்டம் போட்டவர் தண்ணீர்மலை.
பைக் ஷோரூமில் பகல் முழுக்கக் கணக்கெழுதுகிறவர்,
ஒரு மூலையாவது கணக்கில்லாமல் கிடக்கட்டுமே என்றார்.
என் ஐந்நூறில் நான் என்ன செய்வேன் என்பதை
இங்கேயும் சொல்லப்போவதில்லை.
ஒரு தடவை மட்டும்,
கல்லுக்கட்டியில், தனியாக நின்று,
இரண்டு பாதாம்பால்.

நேற்று சிலிண்டர் வந்தது.
காஸ் உறை முந்நூற்றுப் பத்துக்குச் சிவந்து கிடந்தது.
என் உறையைத் திறந்து அதை மூடினேன்.
மிச்சத்தை வேனுக்குத் தள்ளினேன்.
என் பெயருக்கு எதிரே ஒரு பூஜ்யம்,
அவித்து உரித்த முட்டைபோல
வழவழவென்று.

காலையில் பார்க்கிறேன், அங்கே ஐந்நூறு.
அவர் உறையில் முட்டை.
ராத்திரி பதினொன்று நாற்பதுக்கு மாற்றம்
என்று எழுதியிருந்தது.
பதினொன்று நாற்பதுக்கு
என் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த மனுஷன்.

கேட்கவில்லை.
நூறு ரூபாய்க்கு நான் எங்கே போவேன்.

வெண்டைக்காய் மண்டிக்குக்
கழுநீர் எடுத்து வைத்துவிட்டு
விரலைத் துடைத்துக்கொண்டு
பாதியை அவர் பக்கம் அனுப்பினேன்.
சட்டைப்பையில் போன் கூவியது.
பாதி முகத்தில் சோப்பு நுரையோடு எடுத்துப் பார்த்தார்.
புளி கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்
என்றார்.

மத்தியானம்
என் உறையில் இருநூற்று ஐம்பத்தொன்று.

மொய்க்கவரின் மேலே
ஒட்டியே வருமே ஒரு நாணயம், அது.
எங்கிருந்து பிடுங்கினார் என்று
உறை உறையாகத் தேடிக்கொண்டு போனேன்.
கரன்ட்டில், சிவப்பாக,
கழித்தல் ஒன்று.

ஐந்தொகையில் ஒரு பைசா இடித்தால்
சாப்பிட வராதவர்
தெரிந்தே செய்த தப்பு.

இதைச் சரிசெய்யவா என்று
செயலி கேட்டது.
போனை மூடித் திறந்தேன், மறுபடியும் கேட்டது.
சாயங்காலம் உமையாளின் வேன் வந்து நிற்கும்போதும்
கேட்டுக்கொண்டுதான் இருந்தது.
அதற்கு யார் சொல்வது,
இந்த வீட்டில்
கேட்டால் நூறு ரூபாய் என்று.